குதிகாலில் கிளம்பி விரல்நுனி வரை

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பஸ்ஸில், ஒரு கொண்டை ஊசி வளைவில், என் மடியிலிருந்த மஞ்சப்பை கிழிந்தது. உள்ளே இருந்த இரும்புக் குண்டு சீட்டுக்கு அடியில் விழுந்து, டிக்கெட் எடுக்காமல் தனியாகப் பயணம் கிளம்பியது.

நாங்கள் கடைசி சீட்டில் இருந்தோம். பஸ் முழுக்க எங்களுக்கு முன்னால் சரிந்து கிடந்தது. இடது வளைவில் குண்டு வலதுபக்கம் உரசிக்கொண்டு போனது. வலது வளைவில் இடதுபக்கம் வந்தது. வரிசையாக ஆட்கள் காலைத் தூக்கினார்கள். பின் சீட்டில் தொடங்கிய அந்தக் கால் தூக்கல், ஒருவர் விடாமல், டிரைவர் வரைக்கும் போனது.

"என்ற காலு! என்ற காலு!" என்று கொய்யாக் கூடை வைத்திருந்த அம்மா கத்தினார். குண்டு அவர் காலைத் தொடவே இல்லை. கூடையில் முட்டி நின்றது.

கண்டக்டர் ஏதோ பூசணிப் பிஞ்சு என்று நினைத்து ஒரு கையால் அலட்சியமாகத் தூக்கப் பார்த்தார். குண்டு வரவில்லை, அவர்தான் குண்டுகிட்டே போனார்.

"ஏனுங்க, ஆருதுங்க இது? இதுக்கு லக்கேஜ் போடோணும்."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பழனி எழுந்தான். பழனி என் பள்ளித் தோழன். பத்தாவதோடு நிறுத்திவிட்டு மஞ்சக்குட்டைப் பக்கம் ஜீப் ஓட்டுகிறவன். அன்றைக்கு எனக்காக ஜீப்புக்கு லீவு விட்டிருந்தான்.

"அது லக்கேஜ் இல்லீங்கண்ணா. இவன்ற எதிர்காலம்."

"அப்ப அதைக் கெட்டியாப் புடிச்சுக்கச் சொல்லு தம்பி. என்ற கால்ல உளுந்தா எனக்கு எதிர்காலம் கெடையாது."

பஸ்ஸே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. பழனி சொன்னது கேலிக்குத்தான். ஆனால் உண்மையும் அதுதான்.

பேனா பிடிக்கும் வேலை

நான் பிளஸ் டூ முடித்த கோடை அது. உடற்கல்வி படிக்க சேலத்தில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தேன். மார்க் போதும் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் மைதானத் தேர்வு என்று ஒன்று உண்டு. ஓட்டம், தாண்டுதல் எல்லாம் எனக்குப் பிரச்சினை இல்லை. மலையில் வளர்ந்தவனுக்கு மூச்சு வாங்காது. கடைசியில் குண்டு எறிதல். சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டிருப்பார்கள். குண்டு அதைத் தாண்டினால் சீட்டு. தாண்டாவிட்டால் பஸ் ஏறி வீடு.

வீட்டில் எனக்காக இன்னொரு சீட்டு காத்துக்கொண்டிருந்தது. எங்கள் எஸ்டேட் ரைட்டருக்கு உதவியாள் வேண்டியிருந்தது. ஆள் கணக்கு எழுதுகிற வேலை. அப்பா என்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

அப்பா எஸ்டேட்டில் மரம் ஏறுகிறவர். காப்பிச் செடிக்கு நிழல் அதிகமாகாமல், மழைக்கு முன்னால் சில்வர் ஓக் கிளைகளைக் கழிப்பது அவர் வேலை. அவருக்கும் முந்தின தலைமுறை எல்லாம் மண்வெட்டியும் கூடையும்தான். பள்ளிக்கூடத்தின் வாசலுக்குள் போனவன் எங்கள் வீட்டில் நான்தான் முதல்.

"பேனா புடிச்சு, ஒக்காந்து செய்யற வேலைடா," என்றார். "நம்ம வம்சத்துல ஆராச்சும் ஒக்காந்து சம்பாரிச்சிருக்கமா?"

"நான் காலேஜ் போய்ப் படிக்கறனுங்கப்பா."

"என்ன படிப்பு?"

சொன்னேன்.

"குண்டு எறியறதுக்கு ஒரு படிப்பா? அப்ப நானெல்லாம் பெரிய புரபசருடா. நாள் முச்சூடும் மரத்து மேல இருந்து கட்டை எறியறேன்."

அம்மா குறுக்கே பேசி, பேச்சு ஒரு மாதிரி ஒப்பந்தத்தில் முடிந்தது. மைதானத் தேர்வு அடுத்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமை. தேறினால் காலேஜ். இல்லாவிட்டால் திங்கட்கிழமை ரைட்டர் ஆபீஸ்.

"ஆனா ஒண்ணு," என்றார் அப்பா. "தேறுனா நீயே போய் ரைட்டர்கிட்டச் சொல்லிக்கோ. நான் குடுத்த வாக்க என்ற வாயால மாத்த மாட்டேன்."

ரைட்டரின் மீசையை நினைத்தபோது குண்டு எறிவதே சுலபம் என்று தோன்றியது.

கோழித் தீனி

பள்ளியில் ஒரு பழைய குண்டை இரவல் வாங்கி வந்தேன். அப்போது என் உடம்பைப் பார்த்தவர்கள், குண்டும் நானும் சேர்ந்து நின்றால் எது எதை எறியும் என்று கேட்பார்கள். முதல் நாள் முழு பலத்தையும் கையில் திரட்டி எறிந்தேன். குண்டு எனக்குச் சற்று முன்னால் போய், களைத்து உட்கார்ந்தது.

"கோழிக்குத் தீனி போடறாப்பல இருக்குதுடா," என்றான் பழனி.

அன்று இரவு செல்போனில் குண்டு எறிகிறவர்களின் வீடியோக்களை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர்களுடைய கை கடைசியில்தான் எழுந்தது. முதலில் பின்னங்கால் தரையை உதைத்தது. அந்த உதை முழங்காலுக்கு ஏறியது. அங்கிருந்து இடுப்பு திரும்பியது. இடுப்பு திரும்பி முடிக்கிற நேரத்தில் நெஞ்சு கிளம்பியது. பிறகு தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல். அத்தனை பேரும் வேலை செய்து முடித்த பிறகு, கை வந்து பெயரைத் தட்டிக்கொண்டு போனது.

இது எனக்குப் புரிந்ததற்குக் காரணம் வீடியோ மட்டும் இல்லை. பலாப்பழமும்தான்.

கரடியூர்ப் பக்கம் ஒரு சரிவில் பலா இறக்கினால், பழத்தை மேலே ரோட்டுக்குக் கொண்டுவர ஆட்கள் வரிசையாக நிற்போம். கீழே இருப்பவன் ஆட்டி வீசுவான். அடுத்தவன் அந்த ஆட்டத்தோடே வாங்கி, நிறுத்தாமல் மேலே அனுப்புவான். பழம் ஓடிக்கொண்டே இருக்கும்வரை எடையே தெரியாது. வாங்கியவன் ஒரு நொடி நின்றுவிட்டால் போச்சு. அதே பழம் ஆட்டுக்கல் ஆகிவிடும்.

ஒருமுறை பழனியின் காலில் அட்டை ஏறிவிட்டது. வரிசையின் நடுவில் நின்றவன், சொல்லாமல் கொள்ளாமல் குனிந்தான். மேலே போகவேண்டிய பழம் அவன் முதுகில் உட்கார்ந்தது. அட்டை கடித்ததற்கு அவன் கத்தவில்லை. முள்ளுப் பழம் கடித்ததற்குத்தான் கத்தினான்.

உடம்புக்குள்ளும் அப்படி ஒரு வரிசை நிற்கிறது. எனக்குள் கடைசி ஆள் மட்டும் எம்பிக்கொண்டிருந்தான், மற்றவர்கள் எல்லாம் அட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவைப் படம் பிடித்தது

புதிதாக ஒன்று தெரிந்துவிட்டால் உலகமெல்லாம் அதுவாகவே தெரியும். ஜீப்பைத் தள்ளுகிறவன், மரத்தைப் பிளக்கிறவன், குடத்தை இடுப்புக்கு ஏற்றுகிறவள் எல்லாருடைய குதிகாலையும் பார்க்க ஆரம்பித்தேன். பொம்பளைகள் குடம் தூக்குகிற இடத்தில் காலைப் பார்த்துக்கொண்டு நிற்பது ஆரோக்கியமான பழக்கம் இல்லை என்று ஒருநாள் குழாயடியில் தெளிவாக எடுத்துச் சொன்னார்கள். அதிலிருந்து ஆராய்ச்சியை வீட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

அம்மா கம்பளியைத் துவைக்கும் கல்லில் அடிப்பதைச் செல்போனில் எடுத்தேன். நனைந்த கம்பளி ஆள் எடை இருக்கும். அம்மாவோ வெற்றிலைக் காம்பு மாதிரி இருப்பார். ஆனால் அவர் அடித்தால் சத்தம் அடுத்த லைன் வீடுகளுக்குக் கேட்கும். மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். அப்படியே வீடியோவில் குண்டு எறிந்தவர்கள் மாதிரிதான். குதிகால் எழும்பி, இடுப்பு முறுக்கி அவிழ்ந்து, கடைசியாகத்தான் கை.

"எதுக்குடா என்னையப் படம் புடிக்கறே? ஆருக்காவது அனுப்பி வைக்கறயா?"

"இல்லீங்மா, ஆராய்ச்சி. உங்க அடி எங்க கெளம்புது தெரியுங்ளா? குதிகால்ல."

"எங்க கெளம்புதுன்னு எனக்குத் தெரியாது சாமி. எங்க வந்து எறங்கும்னு தெரியும். போனை உள்ள வெய்யி."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சிறு வயதில் என் முதுகு வாங்கியதெல்லாம் குதிகாலில் கிளம்பியவை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அத்தனை வருஷம் கையையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர்ச் சமதளம்

இனி பயிற்சிக்கு இடம் வேண்டும். எங்கள் பக்கத்தில் சமமான தரை கிடைப்பது கஷ்டம். வீட்டு வாசலில் ஒரு எலுமிச்சம்பழம் தவறினால் அது யார் வீட்டுக் குழம்புக்கோ போய்ச் சேரும். அதனால் உட்கார்ந்தால் நாம் உருளாத இடம் எதுவோ, அதுதான் எங்களுக்குச் சமதளம்.

அப்படி ஒரே இடம் எஸ்டேட்டின் காப்பிக் களம். பழம் பறிக்கும் காலத்தில் காப்பி காயப்போடுகிற பெரிய சிமெண்டுத் தரை. கோடையில் காலியாகத்தான் கிடக்கும். சிமெண்டில் குண்டு விழுந்தால் தரை போய்விடும், ரைட்டர் உயிரை எடுப்பார். ஆகவே களத்தின் ஓரத்தில் வட்டம் போட்டு, அங்கிருந்து வெளியே மண்ணில் எறிந்தேன்.

தினமும் சாயங்காலம் எறிந்தேன். காலை உதைத்து, வட்டத்தின் பின்பக்கமிருந்து முன்பக்கத்துக்குச் சறுக்கி வந்து, முறுக்கி, விட்டேன். வாரா வாரம் குண்டு தள்ளிப்போய் விழுந்தது. பழனி ஜீப் கயிற்றால் அளந்தான். கல்லூரிக்காரர்கள் சொன்ன தூரத்துக்கு ஒரு கல்லை நட்டிருந்தோம். குண்டு கல்லைத் தாண்டியது. அப்புறம் கல் இருப்பதையே மறந்துவிட்டது.

"டேய், இதுக்கு மேல எறிஞ்சீன்னா குண்ட வாழவந்தி ஊருக்குப் போயித்தான் எடுக்கோணும்," என்றான் பழனி.

அந்த மயக்கத்தோடுதான் வெள்ளிக்கிழமை பஸ் ஏறினேன். மைதானத்தில் அவர்களுடைய குண்டுதான் தருவார்கள் என்று தெரியும். இருந்தும் மலைக்குக் கீழே இருக்கிற கீழ்நாட்டுக் குண்டு பழக்கமில்லாமல் போனால் என்ன செய்வது என்று, நம்முடையதையும் பையில் போட்டுக்கொண்டேன்.

சேலத்துத் தரை

மைதானம் பெரிய வெள்ளை வெயிலாக இருந்தது. ஓட்டமும் தாண்டுதலும் நல்லபடியாக முடிந்தன. குண்டு எறிய மூன்று வாய்ப்பு. பழனி வேலிக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

முதல் எறிக்குச் சறுக்கி வந்தேன். என்ன நடந்தது என்று எனக்கே தெரியவில்லை. முன்னங்கால் தரையில் இடறியது, உடம்பு ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும் போயிற்று. நான் முன்னால் இருந்த தடுப்புக் கட்டையைத் தாண்டி, குண்டுக்குப் பின்னாலேயே ஓடினேன். எங்கள் களத்தில் அப்படித்தான் ஓடி நிற்பேன்.

"ஃபவுல்," என்றார் சார். சிவப்புக் கொடி. "தம்பி, குண்டைத்தான் எறியணும். கூடவே நீயும் போகக்கூடாது."

இரண்டாவது எறியில் என்னை நானே இழுத்துப் பிடித்துக்கொண்டேன். கட்டையைத் தாண்டவில்லை. குண்டும் கோட்டைத் தாண்டவில்லை. ஒரு ஆள் படுக்கிற அளவு முன்னாலேயே விழுந்தது.

மற்ற பையன்கள் எறியும்வரை காத்திருக்க வேண்டும். பழகிய எடையைத் தொட்டால் தைரியம் வரும் என்று, கிழிசலை முடிச்சுப் போட்டிருந்த பையிலிருந்து எங்கள் குண்டை எடுத்தேன். உள்ளங்கை வியர்த்ததால் அதைத் தரையில் வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு கல் தேடினேன். களத்தில் குண்டைக் கீழே வைத்தால் எப்போதும் ஒரு கல்லை அணை கொடுப்பேன். கை தானாகத் தேடியது.

கல் கிடைக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். குண்டு வைத்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

அதை விரலால் தட்டினேன். கொஞ்சம் நகர்ந்து, மறுபடி நின்றது.

வேலிக்கு ஓடினேன். "பழனி, களம் சாயுதுடா!"

"எந்தக் களம்?"

"நம்ம களம். மழைத்தண்ணி ஓடறதுக்குச் சாய்வாத்தான போட்டிருப்பாங்க. நாம சாய்வுல நின்னு கீழ எறிஞ்சிருக்கோம். மண்ணும் களத்த விடப் பள்ளம்."

பழனி யோசித்தான். ஜீப் ஓட்டுகிறவனுக்குச் சரிவு தெரியாமல் இருக்குமா? ஆனால் எங்கள் ஊரில் எல்லாம் சரிவு. அதில் கொஞ்சமாகச் சரிந்திருப்பதை யார் கண்டார்கள்?

"அதுக்கு இப்ப என்னடா பண்றது? சேலத்தச் சாய்க்கட்டுமா?"

வேலிக் கம்பியைப் பிடித்தபடி யோசித்தேன். களத்தில் சறுக்கி வரும்போது, முன்னங்கால் இறங்குகிற இடம் தாழ்வாக இருந்தது. கால் அங்கே போய்ச் சேர ஒரு இமைப்பொழுது கூடுதலாகும். அந்த இமைப்பொழுதுக்குள் இடுப்பு திரும்பிவிடும். இங்கே தரை சீக்கிரம் வந்துவிடுகிறது. இடுப்பு வருவதற்குள் கை கிளம்பிவிடுகிறது. படியில் ஆள் ஏறுவதற்குள் விசில் ஊதுகிற கண்டக்டர் மாதிரி.

சறுக்குவதைத் திருத்திக்கொள்ள நேரம் இல்லை. ஆனால் சறுக்கியே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை.

"நின்னுட்டே எறியப் போறேன்," என்றேன்.

"நின்னுட்டா? ஓடி வந்தே போகல. நின்னா போகுமாடா?"

"ரெண்டு காலும் மொதல்லயே தரையில இருக்கும். வரிசை கலையாது."

"என்னமோ பண்ணு. அட்டை கடிச்சாலும் குனிஞ்சறாத."

மூன்றாவது

வட்டத்துக்குள் போனேன். இரண்டு கால்களையும் அகட்டி ஊன்றினேன். எனக்குப் பின்னால் நின்ற பையன் ஒருவன், "இவன் என்ன பஸ்ஸுக்கு நிக்கறானா?" என்றான். குண்டைக் கழுத்தோடு ஒட்டி வைத்தேன். தாடைக்குக் கீழே இரும்பு சுட்டது.

பின்னங்காலில் இறங்கினேன். தொடை நடுங்கும்வரை இறங்கினேன்.

கையை மறந்துவிட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இத்தனை வாரமாக நான் உதைத்தது எங்கள் ஊர்ச் சரிவை. சேலத்துத் தரை அசையாமல், பிடிவாதமாக, காலை எதிர்த்து நின்றது. உதைத்தேன். உதைத்தது அத்தனையும் திருப்பிக் கொடுத்தது. அது முழங்காலுக்கு வந்தது தெரிந்தது. இடுப்பு அதை வாங்கித் திரும்பியது. முன்னங்கால் கதவுக் கீல் மாதிரி நின்றுகொள்ள, வலதுபக்கம் முழுக்க அதைச் சுற்றித் திறந்தது. நெஞ்சு, தோள். ஒருவரும் நின்று மூச்சுவிடவில்லை. கைக்கு வந்து சேர்ந்தபோது குண்டு ஏற்கனவே கிளம்பியிருந்தது. விரல்கள் கடைசியாக ஒரு தட்டுத் தட்டின, அவ்வளவுதான்.

எடையே தெரியவில்லை.

கோட்டுக்கு அந்தப் பக்கம் புழுதி எழும்பியது. கொஞ்சம்தான் அந்தப் பக்கம். ஒரு ஜாண் இருக்கும்.

நான் அசையவில்லை. வெள்ளைக்கொடி எழுந்த பிறகும் அசையவில்லை. காலை எடுத்து எந்தப் பக்கம் வைத்தாலும் ஃபவுல் ஆகிவிடும் என்று பயம்.

"தம்பி, பின்பக்கமா எறங்கு. அடுத்த ஆள் எறியணும்," என்றார் சார். "செலை வெக்கற அளவுக்கு ஒண்ணும் தூரம் போகல."

ஒரு ஜாண்

பழனி வேலிக் கம்பிக்குள் கையை விட்டு என் சட்டையைப் பிடித்து உலுக்கினான். எங்கள் வீட்டின் ஒரே போன் அம்மாவிடம் இருந்ததால், அவன் போனிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா எஸ்டேட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் நிற்கிற சரிவில் சிக்னல் வரும். அப்பா நிற்கிற மேல்காட்டில் வராது. மரத்தின் உச்சியில் இருந்தாலும் வராது.

"அம்மா, தாண்டிருச்சுங்மா."

"ஆரு?"

"குண்டு. நான் தேறிட்டேன்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு மேலே பார்த்துக் கத்துவது கேட்டது. "ஏ மாரியக்கா! பையன் தேறிட்டான்னு அவருகிட்டச் சொல்லு!"

சற்று மேலே மாரியக்கா, அதற்கு மேலே இன்னொரு குரல், அதற்கும் மேலே ஒரு ஆண் குரல். ஒவ்வொன்றும் முந்தினதைவிடச் சன்னமாக ஏறிப் போனது. கொஞ்ச நேரம் கழித்து அதே வழியாக ஒரு கேள்வி இறங்கி வந்தது.

"எத்தனை தூரம் எறிஞ்சேன்னு கேக்கறாருடா உங்கப்பன்."

"கோட்டுக்கு அக்கட்ட ஒரு ஜாண்."

"ஒரு மொழமாம்!" என்று அம்மா கத்தினார்.

"அம்மா, ஜாண்…"

"ரெண்டு மொழமாம்!" இது மாரியக்கா.

"ஒரு ஆள் நீளமாம்!" மேலே.

அதற்கும் மேலே போனது எனக்குக் கேட்கவில்லை. ஆண் குரல் இழுத்துச் சொன்ன விதத்தைப் பார்த்தால், குண்டு மைதானத்துச் சுவரையே தாண்டியிருக்க வேண்டும்.

"ஊட்டுக்கு வந்து மாத்திச் சொல்லிராத சாமி," என்றார் அம்மா. மேலிருந்து மறுபடி குரல் வந்தது. "இருடா, இரு. உங்கப்பன் மரத்துல இருந்து எறங்கறாராம்."

"வேலை முடிஞ்சுதுங்ளா?"

"எங்க முடிஞ்சுது? அருவாளக் கெளையிலயே மாட்டிட்டு எறங்கறாராம்." அம்மா குரலைத் தாழ்த்தினார். "மரத்தடியில ரைட்டரு நிக்கறாராம்டா. அவருகிட்டச் சொல்லத்தான் போறாராம்."